கோவையின் காற்றும் மழையும்

(படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



"கோயம்புத்தூரா? குளுகுளு ஊராச்சே!" என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நாமும் கேட்டுப் பெருமைப்படுகிறோம். ஆனால் சித்திரை வெயிலில் இரண்டாவது ஷிப்டுக்கு நடந்து போகிற தொழிலாளியைக் கேளுங்கள். வேறு பதில் வரும். இரண்டு பதிலும் பொய்யல்ல. அது எப்படி?

முதலில் ஊர் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். கோவை கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. வடக்கே நீலகிரி. தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவே, மேற்கே, பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். இதுதான் நமது ஊரின் ஜன்னல்.

வைகாசி முடிந்ததும் அரபிக்கடலின் மழைக்காற்று மேற்கு மலைகளில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. நம் மாவட்டத்து வால்பாறை நனைந்து ஊறுகிறது. கோவைக்கு வருவது சாரலும் கணவாய்க் காற்றும்தான். அந்த ஆடிக்காற்றுதான் ஊரைக் குளிர வைக்கிறது.

நமக்கு நல்ல மழை தருவது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை வங்கக்கடல் பக்கமிருந்து வருகிறது. ஆனாலும் ஆண்டு முழுவதும் சேர்த்து நகரில் பெய்வது சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் வரைதான். சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதி! மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். மாசி போனால் வெயில் ஏறும். பங்குனி, சித்திரையில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

மழை குறைந்த இந்த ஊரில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? மலையில் பெய்த மழையை நொய்யல் கொண்டு வந்தது. அணைக்கட்டும் வாய்க்காலும் கட்டி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் என்று வரிசையாகத் தேக்கி வைத்தார்கள். மழை மேகத்தின் வேலை. தேக்குவது மனிதனின் வேலை. வாய்க்கால் அடைத்துக் கொண்டால் மலையில் எவ்வளவு பெய்தும் குளத்துக்கு என்ன லாபம்?

இப்போது ஆலைக்குள் வருவோம். காற்று வறண்டால் நூல் அறுந்து அறுந்து போகும். அதனால் நூற்பு ஆலைக்குள் செயற்கையாக ஈரத்தைப் பரப்புகிறார்கள். நூலுக்கு அது நல்லது. மனிதனுக்கு? உடம்பு குளிர்வது வியர்வை உலர்வதால். ஈரக் காற்றில் வியர்வை உலராது. வெளியே 35 டிகிரி என்றால், உள்ளே இருப்பவனுக்கு அது அதைவிடக் கொடுமை. தகரக் கூரைக்கு அடியில் இரும்பை உருக்கி ஊற்றும் வார்ப்படத் தொழிலாளியின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆகவே, ஒரே ஊரில் இரண்டு பருவநிலை இருக்கிறது. ஒன்று மலையும் கடலும் தந்தது. இன்னொன்று கூரையும் வேலை நேரமும் தருவது. முதலாவதை நாம் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்ற முடியும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குடிநீரைக் குளிர வைத்துத் தர வேண்டும் என்றது. நல்லது. ஆனால் முப்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் தாகம் எடுக்காதா? தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, உச்சி வேளையில் ஓய்வு கேட்பது எப்படிச் சோம்பேறித்தனமாகும்?

தோழர்களே, மாசி மாதமே உங்கள் பட்டறையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: குடிக்கத் தண்ணீர் எங்கே? சூடான காற்று வெளியேற வழி எங்கே? மயங்கி விழுந்தவரைப் படுக்க வைக்க நிழல் எங்கே? ஆனி பிறப்பதற்குள் உங்கள் பகுதிக் குளத்து வாய்க்காலையும் ஒரு முறை நடந்து பாருங்கள். குறைகளை எழுதி, கையெழுத்து வாங்கி, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள்.

கணவாய்க் காற்று யாரும் கேட்காமலே வரும். மற்றவை கேட்டால்தான் வரும்.