உடுவிலில் ஒரு தாய்



தமிழ் படிப்பிப்போர் பலருக்கு வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கில அகராதி கைநூல். 1862இல் சென்னையில் வெளிவந்தது. அந்த மைரன் வின்ஸ்லோ 1835இல் வெளியிட்ட வேறொரு நூலைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். மறைந்த தம் மனைவி ஹரியற்றின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டு அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு அது.

ஹரியற் 1796இல் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திற் பிறந்தவர். கிறிஸ்தவத் தொண்டே தம் பணி எனத் துணிந்து, 1819இல் மணமுடித்த கையோடு கப்பலேறினார், உடுவிலில் குடியமர்ந்தார். 1824இல் அங்கே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. மதமாற்ற நோக்கம் இருந்ததென்பதை மறைக்க வேண்டியதில்லை. சைவ மரபில் வந்த எனக்கு அதில் உடன்பாடும் இல்லை. ஆயினும் நம்மூர்ப் பெண்கள் கையில் ஏடு கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர் என்ற நன்றி எனக்குண்டு.

ஊரார் பெண்மக்களை அணைத்து வளர்த்த அத்தாய், தம் மகன் சாள்ஸைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். மிசனரிக் குடும்பங்களில் அது வழமை. 1832இல், பதினொரு வயதில், அவன் அங்கே இறந்தான். அடுத்த ஆண்டு தை மாதம் ஹரியற்றும் உடுவிலில் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 36.

தாய்மையையும் தொண்டையும் அவர் சமன்செய்தார் என்று சொல்வது சுலபம். தொண்டுக்கான அழைப்பு தாய்க்கு வந்தது. மகனை எவரும் கேட்கவில்லை. விலையில் ஒரு பங்கை அவனும் கொடுத்தான். அவரை நான் குறை கூறவில்லை. குறை கூறும் தகுதியும் எனக்கில்லை.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் மாலை வகுப்பு எடுப்பது என் வழக்கம். ஒருநாள் இருட்டிய பின் வீடு திரும்பினேன். விறாந்தையில் கொப்பியோடு காத்திருந்த என் மகள் கேட்டாள்: "அம்மா, எனக்கு எப்ப பாடம் சொல்லித் தருவியள்?"

மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. அவளருகே நிலத்தில் அமர்ந்து கொப்பியை வாங்கினேன். மாலை வகுப்பை இன்றும் விடவில்லை. ஆனால் அரைமணி முன்னதாகவே முடித்துவிடுகிறேன். உடுவில் வீதியாற் போகும்போதெல்லாம், ஹரியற்றோடு அந்தச் சிறுவனும் என் நினைவில் வருகிறான்.