சந்தா வந்தால் போதுமா, ஆள் வர வேண்டாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்நாட்டில் நம்ம சுய உதவிக்குழு இயக்கம் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. மகளிர் திட்டம் வந்த பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. புதுக் குழு தொடங்குவதைப் பற்றி எத்தனையோ மேடையில் பேசியாச்சு. நான் இன்னைக்கு, இருக்கிற உறுப்பினரைத் தக்க வச்சுக்கிறதைப் பற்றிப் பேச வந்திருக்கேன்.

ஒரு உறுப்பினர் விலகுவது, "என் பேரை எடுத்துடுங்க"ன்னு சொல்ற அன்னைக்கு இல்லை. அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே விலக ஆரம்பிச்சுடுறாங்க. முதலில் கூட்டத்துக்கு லேட்டா வருவாங்க. பிறகு சந்தாவைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுத்து விடுவாங்க. நாமளும் தீர்மானப் புத்தகத்தை அவங்க வீட்டுக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிடுவோம். புத்தகத்தில் எல்லோரும் வந்த மாதிரி இருக்கும். பாயில் பார்த்தால் பாதிப் பேர்தான் இருப்பாங்க.

பணம் வருதே, அப்புறம் என்னன்னு கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 பேர் மாதம் 100 ரூபாய் சேமித்தால் வருஷத்துக்கு 18,000 ரூபாய். அதிலிருந்து ஒருத்தர் 10,000 ரூபாயை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் உள்கடனா எடுத்தால், முதல் மாத வட்டி 100 ரூபாய். அந்த 100 ரூபாயும் குழுவுக்கே வந்து சேருது. கூட்டத்துக்கு வராதவங்களுக்குக் கடன் கேட்கக் கூச்சமா இருக்கும். "இத்தனை நாள் போகலை, இப்ப எந்த முகத்தோட போறது?"ன்னு வெளியில் நூற்றுக்கு அஞ்சு ரூபாய் வட்டிக்கு வாங்குவாங்க. அதே 10,000-க்கு மாதம் 500 ரூபாய். அசல் அப்படியே நிற்க, வருஷத்துக்கு 6,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். இதுக்காகவா நாம குழு ஆரம்பிச்சோம்?

ஏன் வரலைன்னு உட்கார்ந்து கேட்டால் மூணு காரணம்தான் திரும்பத் திரும்ப வருது.

முதலாவது, "கணக்கு எனக்குப் புரியலை." வங்கி இருப்பு எவ்வளவு, யார் பேரில் எவ்வளவு கடன் நிலுவை, வட்டி எவ்வளவு வந்ததுன்னு ஒவ்வொரு கூட்டத்திலும் சத்தமா வாசிக்கணும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவின் பாஸ்புக்கை அவங்க முன்னாடியே எழுதி, அவங்களுக்கே வாசிச்சுக் காட்டணும். நம்பிக்கை இருக்கிற இடத்துக்குத்தான் கால் தானா நடக்கும்.

இரண்டாவது, "எப்பவும் அதே ரெண்டு பேர்தான்." வங்கிக்குப் போறது, பயிற்சிக்குப் போறது, மேடை ஏறுறது எல்லாம் ஒருத்தரே செய்தால், மத்தவங்க பார்வையாளர் ஆயிடுவாங்க. பொறுப்பைச் சுழற்சி முறையில் மாத்துங்க. வங்கிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புது உறுப்பினரைக் கூட அழைச்சுட்டுப் போங்க. ஒருமுறை செலான் எழுதினவங்களுக்குக் குழு மேல உரிமை வந்துடும்.

மூணாவது, "எனக்குக் கடன் தேவை இல்லை, வந்து என்ன பண்ண?" பிள்ளைகளைக் கரையேத்தின பெரியவங்க சொல்றது இது. கூட்டத்தில் கடனைத் தவிர வேற பேச்சே இல்லைன்னா அவங்க வரமாட்டாங்கதான். முதியோர் உதவித்தொகை மனு, தெருக் குடிதண்ணி, பேத்தியோட கல்லூரிச் சேர்க்கை, இதுவும் நம்ம கூட்டத்துப் பொருள்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னாடி என்ன கேட்கலாம்னு முடிவு பண்ணி, சேர்ந்து போங்க. அனுபவம் உள்ள அந்தப் பெரியவங்களையே பேசச் சொல்லுங்க.

கூட்ட நேரத்தையும் யோசிங்க. கூலி வேலைக்குப் போறவங்களுக்கு மதியக் கூட்டம் சரிப்படாது. எல்லோரையும் கேட்டு நேரம் வையுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். யாராவது தொடர்ந்து ரெண்டு கூட்டத்துக்கு வரலைன்னா, அபராதம் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போங்க. சந்தா பேச்சை எடுக்காதீங்க. "உடம்பு எப்படி இருக்கு, வீட்ல ஏதும் சங்கடமா?"ன்னு மட்டும் கேளுங்க. அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமா எழுதிக்கோங்க. கையெழுத்தை மட்டும் வீடு வீடா வாங்காதீங்க, எல்லோரும் பாயில் உட்கார்ந்து போடட்டும்.