முதல் பால், முதல் காவல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



திருப்பூர்க்காரர்கள் நாலு பேர் கூடினால் நூல் விலை, டாலர், ஷிப்மென்ட் என்றுதான் பேச்சு போகும். நான் பேச வந்தது பச்சைக் குழந்தையின் உடம்பில் உள்ள சில புரதங்களைப் பற்றி.

நுழைந்த கிருமி எதுவென்று விசாரிக்காமலே முதல் அடி கொடுக்கும் காவல் நமக்குப் பிறவியிலேயே உண்டு. கிருமியின் மேலுறையில் துளை போடும் 'காம்ப்ளிமென்ட்' புரதங்கள் அந்தக் காவலில் முக்கியமானவை. நிறைமாதக் குழந்தைக்கே இவை பெரியவர்களுக்கு இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் குறைவு. மாதக்கணக்கில்தான் இது கூடும். நஞ்சுக்கொடி வழியாகத் தாய் கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருளோ சில மாதங்களில் கரைந்துவிடும்.

இந்த இடைவெளியில் கைகொடுப்பது தாய்ப்பால். அதிலுள்ள லாக்டோஃபெரின், கிருமிக்கு வேண்டிய இரும்பைப் பிடித்துக்கொண்டு அதைப் பட்டினி போடும். அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த லைசோசைம், கிருமியின் சுவரை உடைக்கும். முதல் சில நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் லாக்டோஃபெரின் மிக அதிகம். லைசோசைம் மாதம் போகப் போகக் கூடும். அதனால் சீம்பாலும் வேணும், தொடர்ந்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதும் வேணும். சேனை தொட்டு வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ முதலில் கொடுக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சரி, பனியன் கம்பெனியில் செக்கிங்கிலும் பவர் டேபிளிலும் நிற்கிற தாய்க்கு ஆறு மாதம் கிடைக்கிறதா? 2017-இல் பேறுகாலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு 26 வாரம் ஆனது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம், அதாவது நாலு மாதம். மீதி இரண்டு மாதத்துக்கு என்ன வழி? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்கிறது சட்டம். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கோ, எழுந்து போகிற ஒவ்வொரு நிமிடமும் கூலியில் குறையும். அதையும் நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

இங்கே முதலாளிகளாக, மேனேஜர்களாக இருப்பவர்கள் பலர். நாளை ஷிப்ட் தொடங்கியதும் உங்கள் கம்பெனிக் காப்பகத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் திறந்துவிடுங்கள். குழந்தையின் உடம்பு தன் காவலைத் தானே கட்டிக்கொள்ளும். அதுவரை தாயை அதன் பக்கத்தில் இருக்க விடுவது நம் பொறுப்பு.