அரசு வழக்கறிஞரின் கடமை



"கொலை வழக்கில் அரசுத் தரப்பு தோற்றுவிட்டதாமே, உமக்கு வருத்தம் இல்லையா?" என்று நண்பர் ஒருவர் என்னை ஒருமுறை கேட்டார். அன்று நான் விடை கூறவில்லை. அந்த விடையை இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

மாவட்டச் செஷன்ஸ் நீதிமன்றம் ஒன்றில் நான் பல ஆண்டுகள் அரசு வழக்கறிஞனாகப் பணியாற்றினேன். இப்பதவிக்கு வருபவர் குறைந்தது 7 ஆண்டுகளேனும் வழக்கறிஞராகத் தொழில் புரிந்திருத்தல் வேண்டும். புலன் விசாரணை செய்து குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது போலீசாரின் வேலை. செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞரின் வேலை. ஆயினும் அவர் போலீசாரின் வக்கீல் அல்லர். ஒரு வழக்கைத் திரும்பப் பெறுவதாயின், அவர்தாம் தம் சொந்த அறிவைக் கொண்டு சீர்தூக்கி, நீதிமன்றத்தின் இசைவைப் பெறவேண்டும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 360ஆம் பிரிவாக நிலைத்திருக்கிறது.

நம் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று குறிப்பிடுவது வழக்கம். இளம் வழக்கறிஞர்களை இச்சொல் எளிதில் ஏமாற்றிவிடும். அவர் யாருக்கு எதிரி? எனக்கா? அல்ல. குற்றம் ஐயமற மெய்ப்பிக்கப்படும் வரையில் அவர் குற்றவாளியும் அல்லர்.

இனி, அந்த வழக்கைச் சொல்கிறேன். இரவுக் காவற்காரர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். ஓர் இளைஞன் கைது செய்யப்பட்டான். விசாரணைக்கு முன்தினம் இரவு, வழக்குக் கட்டை நான் மறுபடியும் புரட்டினேன். தேநீர்க் கடைக்காரர் ஒருவரின் வாக்குமூலம் அதில் இருந்தது. சம்பவ நேரத்தில் அவ்விளைஞன் தம் கடையில் இருந்தான் என்று அவர் கூறியிருந்தார். ஆனால் அவர் பெயர் சாட்சிப் பட்டியலில் இல்லை. அந்த வாக்குமூலத்தின் நகலும் எதிரிக்கு வழங்கப்படவில்லை.

"அவர்கள் கேட்கவில்லையே, ஐயா! நாம் ஏன் கொடுக்கவேண்டும்?" என்றார் என் உதவியாளர்.

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் எதிரிக்குச் சாதகமானதை மறைக்காமல் வெளிப்படுத்துவது நியாயமான விசாரணையின் ஓர் அங்கம். மனு சர்மா வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அரசு வழக்கறிஞரின் இந்தக் கடமையை வலியுறுத்தியிருக்கிறது. அத்தீர்ப்பு இல்லாவிடினும் என் மனச்சாட்சி என்னை உறங்க விட்டிராது. மறுநாள் காலையில் அந்த வாக்குமூலத்தின் நகலை எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்தேன். கடைக்காரர் நீதிமன்றத்திற்கு வந்து சாட்சி கூறினார். நான் கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்தேன். அவர் சிறிதும் அசையவில்லை. இளைஞன் விடுதலையானான்.

தாழ்வாரத்தில் காவற்காரரின் மனைவி நின்றிருந்தார். "நீங்க எங்க பக்கம்னு நெனச்சேனே, ஐயா!" என்றார். வேறொன்றும் கூறவில்லை. சட்டப் புத்தகங்களில் அந்த அம்மையாருக்கு ஏற்ற ஆறுதல் எனக்குக் கிடைக்கவில்லை. "குற்றமற்றவனைச் சிறைக்கு அனுப்பினால், உம் கணவரைக் கொன்றவனைத் தேடுவோர் எவரும் இரார்" என்று நான் கூறியிருக்கலாம். அது உண்மையே. ஆனால் அந்நேரத்தில் அதைக் கூற என் நா எழவில்லை. மேலும் புலன் விசாரணை நடத்தப்படவேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு அன்றே எழுதினேன். அவ்வளவே என்னால் இயன்றது.

நண்பர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறுகிறேன். வருத்தம் உண்டு, அந்த அம்மையாரின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஆனால் வெட்கம் இல்லை. அந்த நகலை நான் கொடாமல் வென்றிருந்தால், வருத்தம் இராது. வெட்கம் மட்டுமே எஞ்சியிருக்கும்.

உங்களில் சிலர் நாளை சட்டம் பயிலக்கூடும். அரசின் பெயரால் வழக்காட எழும்போது, அந்த அரசு குற்றக் கூண்டில் நிற்பவனுக்கும் உரியதே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.