ஒரே ஓர் இழை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இத்தகைய விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் பேசிவிட்டார்கள். நான் ஒரு பூனையையும் ஓர் எலியையும் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க! இது பாலர் வகுப்புக் கதை அல்ல. போரில் வென்றும், சொந்தபந்தங்களை இழந்து மனம் உடைந்து நின்ற தருமருக்கு, அம்புப் படுக்கையில் கிடந்தபடி பீஷ்மர் சொன்ன கதை. மகாபாரதத்தின் 18 பருவங்களில் 12-ஆவதாகிய சாந்தி பருவத்தில், ஆபத்துக் காலத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லும் பகுதியில் வருகிறது. சுற்றிலும் பகைவர் சூழ்ந்திருக்கும்போது யாரோடு சேர்வது, யாரை நம்புவது என்று தருமர் கேட்கிறார். தாத்தா ஓர் ஆலமரத்தைக் காட்டுகிறார்.

அந்த மரத்தடியில், நூறு வாசல் வைத்த வளையில் பலிதன் என்ற எலி இருந்தது. மேலே கிளையில், பறவைகளைத் தின்று வாழும் லோமசன் என்ற பூனை. நாள்தோறும் அந்தி சாய்ந்ததும் வேடன் ஒருவன் வந்து வலை கட்டுவான். பிறகு வீட்டுக்குப் போய்ச் சுகமாகத் தூங்குவான். விடிந்ததும் வந்து சிக்கியதை எடுத்துக்கொண்டு போவான். ஒருநாள் இரவு பூனை மாட்டிக்கொண்டது.

எலிக்கு ஒரே கொண்டாட்டம். வலையின் மேலேயே ஏறி, வேடன் வைத்திருந்த இறைச்சியைக் கொறிக்க ஆரம்பித்துவிட்டது. தலையை நிமிர்த்திப் பார்த்தால், கீழே ஒரு கீரி நாக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது. மரத்தின் மேலே ஓர் ஆந்தை. இறங்கினால் கீரி, இருந்தால் ஆந்தை. இப்போது எலி என்ன செய்யும்? பிள்ளைகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மூன்று எதிரிகளில் என் உதவி யாருக்குத் தேவை என்று அது யோசித்தது. பூனைக்குத்தான். ஆகவே பூனையிடம் பேரம் பேசியது. நான் உன் கட்டை அறுக்கிறேன், நீ எனக்கு அடைக்கலம் கொடு என்றது. பூனையும் சம்மதித்தது. எலி நேராகப் போய்ப் பூனையின் மடியில், தாய் மடியில் ஒடுங்குவது போல ஒடுங்கிக்கொண்டது. கீரியும் ஆந்தையும் இந்த அதிசயத்தைப் பார்த்துவிட்டு, இனி நமக்கு இங்கே வேலை இல்லை என்று போய்விட்டன.

எலியின் சாமர்த்தியத்தைத்தான் எல்லாரும் மெச்சுவார்கள். எனக்கு அந்த மடிதான் பெரிதாகத் தெரிகிறது. நம் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் சாங் கஞ்சில் கதை படிக்கிறார்கள். முதலைகளை வரிசையாகப் படுக்கச் சொல்லி, எண்ணுகிறேன் என்று ஏய்த்து, அவற்றின் முதுகின் மேலேயே ஆற்றைத் தாண்டிவிடும் சருகுமான். கெட்டிக்காரப் பிராணிதான், மறுக்கவில்லை. ஆனால் மறுமுறை ஆற்றுக்கு வந்தால் எந்த முதலை அதன் பேச்சைக் கேட்கும்? பலிதன் ஏய்க்கவில்லை. தன் கழுத்தைக் கொண்டுபோய்ப் பூனையின் வாய்க்கு நேராக வைத்தது. பூனை நினைத்திருந்தால் ஒரு கவ்வு போதும். ஆனால் கவ்வினால் வலையை அறுக்க ஆள் ஏது?

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது. எலி இழை இழையாக, மெதுவாக, மிக மெதுவாக அறுக்கிறது. பூனைக்குப் பொறுக்கவில்லை. உன் உயிருக்கு ஆபத்து என்றதும் நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லையே, நீ மட்டும் இப்படி இழுத்தடிக்கலாமா, பழைய பகையை மனத்தில் வைத்திருக்கிறாயா என்று கேட்கிறது. நியாயமான கேள்விதானே? எலியும் மழுப்பாமல் பதில் சொல்கிறது. இப்போதே அவிழ்த்துவிட்டால் எனக்கு உன்னிடம் பயம். வேடன் கண்ணுக்குத் தெரியட்டும். அப்போது உனக்கும் ஓட வேண்டும், எனக்கும் ஓட வேண்டும். எல்லா இழையையும் அறுத்தாயிற்று, ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்கிறது.

அந்த ஒற்றை இழையோடு இரண்டும் விடியும்வரை காத்திருக்கின்றன. முன்னிரவில் எலியின் உயிர் பூனையின் கையில் இருந்தது. இப்போது பூனையின் உயிர் எலியின் பல்லில். எலி அப்படியே வளைக்குள் ஓடிவிட்டாலும் கேட்பார் இல்லை. எதிரி ஒழிந்தான் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். அது ஓடவில்லை.

நம் தோட்டங்களில் அந்நாளில் 555 கணக்குப் புத்தகம் வைத்துச் சீனர் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கிய பெரியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கடைக்காரருக்குத் தமிழ் அரைகுறை, நம்மவருக்குச் சீனம் சுத்தமாகத் தெரியாது. சம்பள நாள் வரை அவருடைய அரிசி நம் வீட்டில், நம் மானம் அவருடைய புத்தகத்தில். வள்ளுவர் 51-ஆம் அதிகாரத்துக்குத் தெரிந்து தெளிதல் என்று பெயர் வைத்தார். அங்கே தெளிதல் என்றால் நம்புதல். கண்ணை மூடிக்கொள்வதற்கு அல்ல, கண்ணைத் திறந்து பார்த்தபின் செய்வதற்கு அந்தச் சொல்லை அவர் வைத்திருக்கிறார்.

சரி, கதைக்கு வருகிறேன். பொழுது விடிந்தது. வேடன் நாய்களோடு வந்தான். பூனை நடுங்கியது. எலி கடைசி இழையைச் சட்டென்று அறுத்தது. பூனை மரத்தில், எலி வளையில், வேடன் கையில் வெறும் வலை!

அவன் போனபின் பூனை மரத்திலிருந்து அன்பொழுகக் கூப்பிடுகிறது. என் உயிரைக் காத்தவனே, வெளியே வா, என் சுற்றத்தார் எல்லாரும் உன்னைக் கொண்டாடுவார்கள் என்கிறது. பொய்யாகவா கூப்பிட்டது? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அது மெய்யாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் இரவெல்லாம் பட்டினி கிடந்த பூனை அது. எலி வளைக்குள் இருந்தபடியே மரியாதையாகப் பதில் சொல்கிறது. நம்மைச் சேர்த்த காரணம் தீர்ந்துவிட்டது. என்னைத் தருவதைத் தவிர வேறு எந்த உதவி கேட்டாலும் செய்கிறேன். நீயும் அந்த வேடனிடம் எச்சரிக்கையாக இரு என்று சொல்லிவிட்டு, வேறொரு வளைக்குப் போய்விடுகிறது.

தருமர் இதைக் கேட்டு என்ன நினைத்திருப்பாரோ! வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் அம்மா அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லி, பூனை பக்கமா எலி பக்கமா என்று கேட்டுப் பாருங்கள். மேசைமேல் பரிசுகள் காத்திருக்கின்றன. முன்வரிசைப் பிள்ளைகள் என்னைவிட அவற்றைத்தான் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விடைபெறுகிறேன்.