கற்பி என்னும் வினை



விழா மண்டபத்தின் வாயிலில் 'கற்பி, ஒன்றுசேர், போராடு' என்று எழுதி வைத்திருக்கிறோம். இவை 'எடியுகேட், அஜிடேட், ஆர்கனைஸ்' என்னும் மூன்று ஆங்கில வினைகள். 1880களில் இலண்டன் நகரத்துச் சமதர்மவாதிகள் முழங்கியவை. 1942 சூலையில் நாகபுரி மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் நம் மக்களுக்கு அறிவுரையாக விடுத்தவை. தமிழில் பின்னிரண்டும் இடம் மாறிவிட்டன. அது நிற்க. முதற்சொல்லைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

'எடியுகேட்' என்பது 'எடுகாரே' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பேணி வளர்த்தல் என்பதே அதன் பழம்பொருள். வெளியே அழைத்து வருதலைக் குறிக்கும் 'எடுகேரே' அதற்கு உறவுச்சொல். உள்ளுறை ஆற்றலை வெளிக்கொணர்வதே கல்வி என மேடைதோறும் கூறுவோர், இந்த உறவுச்சொல்லையே மூலச்சொல்லாகக் கொண்டு பேசுகின்றனர். கருத்து அழகியதுதான். எனினும், முதல் தலைமுறையாகப் பள்ளி வாயிலை மிதிக்கும் பிள்ளைக்கு வளர்ப்பாரும் வேண்டுமன்றோ?

இனி இலக்கணத்திற்கு வருவோம். 'கல்' தன்வினை, 'பி' என்னும் விகுதி பெற்றுக் 'கற்பி' எனப் பிறவினையாகிறது. 'எடியுகேட்' என்னும் கட்டளையும் அத்தகையதே. யாரை என்ற வினாவை எழுப்பாமல் விடாது. நம் இளைஞருள் பலர் அதனைக் 'கல்' என்றே கொண்டுவிட்டனர். பட்டம் பெற்றோம், பணியில் அமர்ந்தோம், அண்ணலின் ஆணையை நிறைவேற்றிவிட்டோம் என்று எண்ணுகின்றனர். அவர் இட்ட கட்டளை அதுவன்று.

அயோத்திதாசப் பண்டிதரை நோக்குங்கள். தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தேர்ந்தவர். மருத்துவத் தொழிலோடு அமைந்திருக்கலாம். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருந்தது. தாம் கற்றதை ஒரு பைசாவுக்கு ஊருக்கு அளித்தார். அதற்கு முன்பே, 1894இல், அடையாற்றில் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்திருந்தார். பிறர் வந்து கற்பித்த காலமும் உண்டு. நம்மவரே கற்பிக்க முன்வந்த காலமும் உண்டு.

நம் கழகத்தின் மாலை வகுப்பில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லை. மயிலையிலும் தியாகராய நகரிலும் பணிபுரியும் பட்டதாரிகள் இவ்வவையில் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். வாரத்தில் இரு மாலைகள் போதும். செயலாளர் வாயிலருகே குறிப்பேட்டுடன் இருக்கிறார்.