வினிகர் சொல்லாத சேதி

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீனைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். கோமாளி மீன் ஜோடி என்ன விலை, தொட்டிக்குள் எத்தனை விடலாம் என்று. கல்லைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கல் அழகுக்குத்தானே என்ற நினைப்பு.

உண்மையில் அந்தத் தொட்டிக்குக் கல்தான் சிறுநீரகம். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. கல்லின் மேல் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. கல்லின் ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத இண்டு இடுக்குகளில் வேறொரு கூட்டம் வாழ்கிறது. நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே அனுப்புவது அதன் வேலை. அதனால் கல்லில் துளை வேண்டும். நன்றாகப் புளித்த மாவில் வெந்த இட்லி மாதிரி, பார்க்கப் பெரிதாகவும் தூக்கினால் லேசாகவும் இருக்க வேண்டும். வழவழப்பான கருங்கல்லால் கெடுதல் அதிகமில்லை, ஆனால் இந்த வேலைக்கு அது உதவாது.

கடைக்குப் போகும்போது சிறு புட்டியில் வினிகர் கொண்டுபோங்கள். கல்லின் மேல் நாலு சொட்டு விட்டால், சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் சுர்ரென்று நுரைக்கும். நன்னீர்த் தொட்டிக்காரர்கள் நுரைக்கிற கல்லை ஒதுக்குவார்கள், தண்ணீர் கடினமாகிவிடும் என்று. நமக்கு அதுதான் தோது. பவளத்தின் எலும்புக்கூடும் அதே கால்சியம் கார்பனேட்தான். அந்தக் கல் கரைந்து பவளத்துக்குச் சுண்ணாம்புச் சத்து ஊட்டும் என்று சிலர் சொல்லி விற்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். கடல்நீரின் பி.எச். அளவு 8.2-ஐ ஒட்டி இருக்கும்வரை அது கரைவது மிகவும் சொற்பம்.

நுரைத்துவிட்டது, கல் நல்ல கல் என்று அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் கோளாறு. வினிகர் கல்லின் குலத்தைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. மாலக்கைட் என்ற பச்சைக் கல் செம்பின் கார்பனேட். அமிலம் பட்டால் அதுவும் நுரைக்கும். ஆகவே கல்லை வெயிலில் வைத்து, பூதக்கண்ணாடியால் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பச்சையோ நீலமோ படிந்திருக்கிறதா? பொன் துகள் போல எதுவும் மின்னுகிறதா? துருப்பிடித்த கோடு ஓடுகிறதா? ஒன்று தெரிந்தாலும் அந்தக் கல் வேண்டாம்.

செம்பைப் பற்றி இத்தனை பயம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் பட்டிருக்கிறேன். தொட்டியைக் கலைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய கற்களை மலிவாக வாங்கி வந்து போட்டேன். மீன்கள் உற்சாகமாகவே நீந்தின. மூன்றாம் நாள் நத்தைகள் கண்ணாடியைப் பற்ற முடியாமல் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அடுத்த வாரம் இறால் மல்லாந்து கிடந்தது. போய் விசாரித்தால், மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தபோது செம்பு மருந்து ஊற்றியிருக்கிறார். வயலில் மயில்துத்தம் தெளிப்பவர்களுக்குத் தெரியும், அதே செம்புதான். மீன் தாங்குகிற அளவை நத்தையும் இறாலும் பவளமும் தாங்காது. கல் அந்தச் செம்பை உறிஞ்சி வைத்திருந்து, என் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கியிருக்கிறது. அன்றிலிருந்து பழைய கல் என்றால், முதலில் அதன் வைத்திய வரலாற்றைக் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவேன்.

இன்னொரு பழக்கம், கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கும் நீரில் போடுவது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். கடலிலிருந்தோ பவளத் தொட்டியிலிருந்தோ வந்த கல்லில் பாலித்தோவா என்ற, பொத்தானை வரிசையாக ஒட்டியது போன்ற உயிர் இருக்கலாம். அதில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாயில் ரிச்சர்ட் மூர், பால் ஷூயர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1971-இல் அதைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டுத் தொட்டியின் இந்த உயிர்களைக் கொதிக்க வைத்தவர்களும் சுரண்டிக் கழுவியவர்களும், மூச்சுத் திணறிக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். தேய்க்கத்தான் வேண்டுமென்றால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே தேயுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ராமேஸ்வரம் போனவர்கள் கரையில் கிடந்தது என்று செத்த பவளத் துண்டை எடுத்து வந்து தொட்டியில் வைக்கிறார்கள். கடும்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்ததுதானே என்றால் சட்டம் விடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இன்று நீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் எதை வாங்குவது? துளைகளோடு செய்த பீங்கான் கல், அல்லது நிலத்தில் வெட்டிய, நுண்துளை உள்ள காய்ந்த சுண்ணாம்புக்கல். சிமெண்டில் நீங்களே வார்த்துக்கொள்ளலாம், ஆனால் பல வாரம் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் காரத்தைப் போக்க வேண்டும். கல்லை அடுக்கும்போது மணலுக்கு மேல் வைக்காதீர்கள். தொட்டியின் அடித்தளத்தில் கல்லை உட்காரவைத்து, பிறகு மணல் கொட்டுங்கள். அடியில் குழி பறிக்கிற மீன் கோபுரத்தையே சாய்த்துவிடும்.

எந்தக் கல்லாக இருந்தாலும் நேரே தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, சின்ன மோட்டார் ஓடவிட்டு, மூடி இருட்டில் வையுங்கள். வாரம் ஒருமுறை அம்மோனியாவும் பாஸ்பேட்டும் சோதியுங்கள். பாஸ்பேட் ஏறினால் நாளைக்குத் தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி என்று அர்த்தம், நீரை மாற்றிவிட்டு இன்னும் சில வாரம் பொறுங்கள். கடலிலிருந்து வந்த கல்லென்றால் ஆரம்பத்தில் அழுகின முட்டை நாற்றம் வரும், வீட்டில் திட்டு விழும். ஒரு நாள் மூடியைத் திறந்தால் வெறும் கடற்கரைக் காற்றின் வாசனைதான் இருக்கும். சோதனையிலும் அம்மோனியா பூஜ்யம் காட்டினால், அன்றைக்கு முதல் நத்தையை வாங்கப் போகலாம்.